குழவிக்கல் வைத்த சோறு

எலிகளுக்குப் பகலை இரவாக்கி வைப்பதுதான் என் வேலையில் நான் கற்ற முதல் காரியம். எலி இருட்டில் தின்கிற பிராணி. மனுஷர் பகலில் வேலை செய்கிற பிராணி. இரண்டும் ஒத்துப்போவதற்காக, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலி அறைக்கு ராத்திரி பூராவும் விளக்கெரியும். காலை எட்டு மணிக்குத் தானாக அணைந்துவிடும். பிறகு சாயங்காலம் வரை மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு எலிக்குத் தெரியாது, நமக்கு அரைகுறையாகத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக நான் அந்த அரைகுறையில் காலம் தள்ளுகிறேன். சாயங்காலம் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் கூசி, பார்ப்பவர்களுக்கு எப்போதும் முகம் சுளிப்பவள் போலத் தெரிவேன். உண்மையிலேயே சுளிப்பதும் உண்டு. எது எதென்று யாரும் கேட்டதில்லை.

பெரிய படிப்பு வேண்டிய வேலை இல்லை. ஒவ்வொரு எலியாக எடுத்து நிறுக்க வேண்டும். நேற்று வைத்த தீவனத்தில் மிச்சம் எவ்வளவு என்று நிறுக்க வேண்டும். கூண்டுக்கு அடியில் சிந்திய தூளைக்கூடச் சலித்து எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். எலி தின்னும்போது யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மிச்சத்தை நிறுத்துத்தான் தின்றதைக் கண்டுபிடிக்கிறோம். நாள் முழுக்க மிச்சம் பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டில் எச்சிலிலையைக் கண்டால்கூட எனக்கு மனசுக்குள் தராசு ஆடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் பசியை அடக்கும் மருந்து ஒன்றைச் சோதிக்கிற வேலை வந்தது. அதை நடத்தியவள் ஒரு மலையாளத்துப் பெண், என்னைவிட ரொம்ப இளையவள், என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். எலியை மயக்கி, தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்தி, மண்டையோட்டில் ஊசி போகிற அளவு துளை போட்டு, மூளையின் அடித்தளத்தில் கடுகளவு இடத்தைச் சுட்டுவிடுவாள். தையல் ஆறி மயக்கம் தெளிந்து எழுந்ததும் எலி தின்ன ஆரம்பிக்கும். விடாமல் தின்னும். சில வாரத்தில் உருண்டு திரண்டு, தன் காலைத் தானே பார்க்க முடியாமல் கூண்டில் உட்கார்ந்திருக்கும். அதே மூளையில், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இன்னொரு கடுகளவு இடம் இருக்கிறது. அங்கே சுட்டால் எல்லாம் தலைகீழ். தீவனத்தின் மேலேயே படுத்துக்கொண்டு பட்டினியில் சாகும். அவற்றுக்கு நான் பால்கஞ்சியைக் குழாயில் ஊட்டியிருக்கிறேன். இந்தக் கடுகு அந்தக் கடுகு என்பதற்கு மேல் வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. அப்படித் தின்கிற எலிக்கு முன்னால் தீவனக் கிண்ணத்தை ஒரு மூடி போட்டு மூடி, மூடிமேல் கொஞ்சம் பாரம் வைத்தால், தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். சும்மா பட்டினி போட்ட சாதாரண எலியோ மூக்கு சிவக்கச் சிவக்க முட்டித் தள்ளித் தின்றுவிடும். தீவனத்தில் கொஞ்சம் கசப்பைக் கலந்தால் பட்டினி எலி சகித்துக்கொண்டு தின்னும். கொழுத்த எலி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கண்ணெதிரே இருந்தால் மலையளவு தின்னும், ஆனால் அதற்காக ஒரு விரற்கடை பாடுபடாது. எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது.

"சேச்சீ, இது விசப்பல்ல. நிறுத்தான் அறியாத்ததா" என்றாள் அந்தப் பெண். இது பசி இல்லை, நிறுத்தத் தெரியாததுதான் என்று அர்த்தம். அந்த வார்த்தையை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். நன்றாகப் படித்தவள் சொன்னது என்பதாலும், அறையில் அன்றைக்கு என்னைத் தவிர வேறு யாரிடமும் அவள் பேசவில்லை என்பதாலும்.

அது என் வீட்டுக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம். தென்னையும் நெல்லும் உள்ள குடும்பம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குப் பெரிய கதையும் இல்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அண்ணன் ஆறடி ஆள். காடு கழனி பார்ப்பவர், ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் பந்தி விசாரிக்க முன்னால் நிற்பவர். எல்லோரும் உண்டு முடித்த பிறகுதான் இலை போட்டு உட்காருவார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், வேலைக்கு அலுக்காதவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்குத் தலைவலி வந்தது, பிறகு கண் மங்கியது. கோயமுத்தூரில் படம் எடுத்துப் பார்த்தபோது மூளைக்கு அடியில் நிலக்கடலை அளவில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். கண் பிழைத்தது. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து, கட்டி ஒட்டியிருந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, இங்கே கொஞ்சம் சேதாரம் ஆகிவிட்டது, தவிர்க்க முடியவில்லை என்றார். அந்த வட்டத்தை நான் குனிந்து பார்த்தேன். எலி மூளையைச் சீவிச் சாயம் போட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நான் பேர்ச்சீட்டு எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், நங்கை வடித்து வைத்த சோற்றுப் பானையை அண்ணன் காலி செய்தார். மறுநாள் மறுபடியும். குழம்பு இல்லாமல், ரசம் இல்லாமல், வெறும் சோற்றைக் கையால் அள்ளி. ஊறப்போட்ட அரிசியைத் தின்றார். மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையை ஒருநாள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால் தலை குனிந்துகொள்வார். தேங்காய் நிறுக்கும் தராசில் வாரம் ஒருமுறை அவரை ஏற்றுவோம். வாராவாரம் ஏறியது.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இப்படியே ஏறினால் இதயம் தாங்காது, காலும் தாங்காது. வீட்டில் வைத்துக் கட்டுப்படுத்த முடியாவிட்டால், இப்படிப்பட்டவர்களைப் பூட்டிய வாசலுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள். ஆறு மாசம் தருகிறேன், எடை நிற்கிறதா என்று பாருங்கள் என்றார்.

காரில் திரும்பினோம். அண்ணன் எல்லையில் வாளையாறு தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டு, "பூட்டி வெச்சிருவீங்களா அம்மிணி?" என்று கேட்டார். எங்கள் பக்கம் தங்கையை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நா இருக்கற வரைக்கும் உடமாட்டனுங்ணா" என்றேன். எலியைப் பற்றித் தெரிந்த திமிரில் சொன்னேன். ஊரே எங்கள் வீட்டை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் விஷயம் தெரியும் என்கிற நினைப்பு உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

முதலில் அடுப்படிக்குப் பூட்டுப் போடலாம் என்றேன். நங்கை சீறிவிட்டார். "சோத்துக்குப் பூட்டுப் போட்ட ஊட்டுல நா இருக்கமாட்டே. என்னய எங்கூட்டுக்குப் போகச் சொல்லு, போறே." எங்கள் பக்கத்தில் நெல்லுக்குப் பூட்டு உண்டு, நகைக்கு உண்டு, ஆக்கின சோற்றுக்குக் கிடையாது. அதனால் கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கி வந்தோம். விதைக்கடலை வைக்கும் பழைய மரப்பெட்டியைத் துடைத்து, அதற்குள் பானைகளை இறக்கி, மூடிமேல் குழவியை வைத்தோம். நங்கையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்க முடியும். அண்ணன் நினைத்தால் இரண்டு கையால் எளிதாக நகர்த்திவிடலாம். ஆனால் அவர் செய்யமாட்டார் என்று நான் நங்கையிடம் சொன்னேன்.

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"எலி பண்ணாதுங் நங்கை. அது பசி இல்லீங்க. நிறுத்தத் தெரியறதில்ல, அவ்வளவுதான். கண்ணுல பட்டாத்தான் திங்கும். பாடுபட்டுத் திங்காது."

அண்ணன் அப்போது கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எலி அறையில் எலிகள் எதிரில்தான் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

முதல் நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். அண்ணன் பெட்டியருகே வந்தார். குழவிமேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னது பலித்துவிட்டது என்ற சந்தோஷம்.

அண்ணனுக்கு வேளாவேளைக்கு அளந்த சோறு, அளந்த பொரியல். மிச்சத்தைச் சமையல் தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதினேன். பெட்டியிலிருந்து ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேங்காய்த் தராசில் ஏற்றினால் எடை ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறும் ஏறியது. அதற்கடுத்த ஞாயிறும்.

என் கணக்கில் ஓட்டை இருக்க முடியாது. அப்படியானால் வீட்டில் ஒரு ஆள் ஒளித்து ஊட்டுகிறார் என்றுதான் அர்த்தம், அது நங்கைதான். மனசு கேட்காமல் போடுகிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் விட்டு இறங்கி வந்த களைப்பில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏனுங் நங்கை, அண்ணன அங்க கொண்டுபோய்ப் பூட்டி வெக்கோணும்னு உங்களுக்கு ஆசையா?"

நங்கை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "நானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. என் தட்டில் சோறு போடுவார், குழம்பு ஊற்றுவார், பேச்சு மட்டும் கிடையாது. முப்பது வருஷமாக ஒரே அடுப்படியில் புழங்குகிறோம். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பத்தாம் நாள் ஹர்த்தால் வந்தது. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ் கிடையாது, கடை கிடையாது, எலிகளைக் காவல்காரர் பார்த்துக்கொள்வார். நான் வீட்டில் இருந்தேன். டாக்டர் சொன்னபடி அண்ணன் காலையில் ஒன்பது மணிக்கு நடக்கக் கிளம்புவார். வாய்க்கால் கரை வரை போய்த் திரும்பப் பத்தரை ஆகும். அன்றைக்கு என்னமோ தோன்றி, கொஞ்சம் தள்ளி நானும் பின்னாலேயே போனேன்.

முதல் வீட்டு வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "வாங்க, சாப்டாச்சுங்களா? ஒருவாய் சாப்ட்டுப் போலாம் வாங்க" என்றார்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் கேட்பது இதைத்தான். நலமா என்று கேட்பதில்லை, எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சகுனத்தடை. சாப்டாச்சுங்களா என்று கேட்பார்கள். எதிராளி, வயிறு காய்ந்து கிடந்தாலும், "இப்பத்தானுங்க ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். கேட்டவருக்கும் மரியாதை, சொன்னவருக்கும் மரியாதை. பேசத் தெரிந்த குழந்தைக்கு நாங்கள் முதலில் பழக்குவது இந்தப் பதிலைத்தான்.

அண்ணன் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வாய்க்கால் போகும் வழியில் ஒன்பது வீடு. ஒன்பது வீட்டிலும் கேட்டார்கள். ஏழு வீட்டில் உள்ளே போனார். ஒரு வீட்டில் இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகை, ஒரு வீட்டில் பழைய சோறும் மோரும், ஒரு வீட்டில் நேற்று எண்ணெயில் சுட்ட கச்சாயப் பலகாரம். பந்தி விசாரித்த மனிதர் தங்கள் வீட்டில் கை நனைக்கிறார் என்று எல்லோருக்கும் பெருமை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்தார்கள். கையை இலைக்குக் குறுக்கே நீட்டிப் போதும் என்று மறிக்கிறவரை வைப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணனுடைய கை நீளவில்லை.

இத்தனை நாள் ஒரு வார்த்தை எங்கள் காதுக்கு வரவில்லை. வரவும் வராது. ஒருத்தருக்குச் சோறு போட்டதை இன்னொருவரிடம் சொன்னால் அது சொல்லிக்காட்டுவது ஆகிவிடும். எங்கள் ஆட்களுக்கு அதைவிட இழிவு கிடையாது.

நான் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துவிட்டேன். எலிக்கு ஒரு கூண்டு. அண்ணனுக்கும் ஒரு வீடு என்று நினைத்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், ஊர் என்ன கேட்கும் என்பதை மறந்துபோனேன். வாசலில் நின்று அழைத்துப் போடுகிற சோற்றுக்கு எந்த மூடியும் இல்லை, எந்தக் கல்லும் இல்லை. உலகத்திலேயே பாடில்லாமல் கிடைக்கிற சோறு அதுதான்.

வீட்டுக்கு வந்து நங்கையிடம் சொன்னேன். தப்பு என்மேல்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். நங்கை அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "ஒன்னோட நோட்டுல என்ற பேர எழுதி வெச்சிருக்கறயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, போய்க் கைகால் கழுவு" என்றார். அதுதான் மன்னிப்பு.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனேன். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். வாசலில் நின்று, எங்கள் அண்ணனைச் சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். விளக்கம் சொன்னேன், மூளை என்றேன், டாக்டர் என்றேன், பூட்டி வைக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லோருக்கும் கண் கலங்கியது. காலையில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்த அம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, சாப்டாச்சான்னு கேக்காம அவியகிட்ட வேற என்னத்தக் கேக்கறது?"

"மழை வருமான்னு கேளுங்க" என்றேன். முட்டாள்தனமான பதில். 

அவர்கள் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு ஆளைக் கண்டால் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அதை விழுங்கிவிட்டால் பிறகு வார்த்தை இல்லை. அண்ணன் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்கள். சாத்த மாட்டார்கள், கதவு திறந்தே இருக்கும், வாசலில் ஆள் இருக்காது. நல்லவர்கள்தான். நான் கேட்டுக்கொண்டதைச் செய்தார்கள்.

எடை நின்றது. அடுத்த மாசம் கொஞ்சம் இறங்கவும் செய்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றார். நங்கை மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டார். காலையில் செருப்புவரை போவார், திரும்பி வந்து உட்காருவார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "யாரும் எதும் கேக்கறதில்ல அம்மிணி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. எலிகளை நிறுத்துவிட்டு வந்து அண்ணனை நிறுக்க வேண்டும். கூண்டின் மிச்சத்தை எழுதிவிட்டு வந்து தட்டின் மிச்சத்தை எழுத வேண்டும். எங்கே வேலை முடிகிறது, எங்கே வீடு தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

போன மாசம் நங்கை இடுக்கி மலையில் ஆனைக்கரைக்குப் போனார். அவருடைய தங்கையை அங்கே ஏலத்தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவர்கள் பெண்ணுக்குச் சீர் விசேஷம். இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், அண்ணனுக்கு மத்தியானச் சோற்றை அளந்து வெளியே மூடி வைத்துவிட்டு, எனக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கிற அரிசிம்பருப்பு ஆக்கிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்துக் களத்து ஆளைக் கூப்பிட்டுக் குழவியை ஏற்றி, நான் வந்ததும் இறக்கித் தரவும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்றைக்கு எலி அறையில் ஒரு சோதனை முடிகிற நாள். முடிகிற நாள் என்றால் எலிகளும் முடிகிற நாள். மருந்து கொடுத்து உறங்க வைத்து, மூளையை எடுத்து, சுட்ட கடுகு சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று சீவிப் பார்ப்பார்கள். காலையிலிருந்து நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பையை இழுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தேன்.

அண்ணன் வெளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்ட்டயா அம்மிணி?"

அந்தக் கேள்வியை எங்கள் வாசலில் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. நானும் கேட்பதில்லை, நங்கையும் கேட்பதில்லை. இப்பத்தான் ஆச்சுங்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதில் வாயில் வரவே இல்லை.

"இல்லீங்ணா" என்றேன்.

அவர் படியைப் பிடித்து எழுந்தார். உள்ளே போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடினேன். பிறகு கல் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழவி கீழே இருந்தது. பெட்டி திறந்திருந்தது. அண்ணன் தட்டெடுத்து, அரிசிம்பருப்பை அள்ளி வைத்து, நெய்க்கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.  கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றை வாய்வரை கொண்டுபோய், நின்று, மறுபடி பானையிலேயே தட்டினார். பிறகு குனிந்து, குழவியை இரண்டு கையாலும் தூக்கி, மூடிமேல் தானே வைத்தார். தட்டை என் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்.

எலி செய்யாது என்று நான் சொன்ன காரியம். ஒரு எலியும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு எலியிடமும் இன்னொரு எலிக்காகக் கல்லைத் தூக்குவாயா என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததும் இல்லை.

"அண்ணா" என்றேன். "பசிக்குதுங்களா?"

"எப்பவும் பசிதா அம்மிணி" என்றார். "பசியில்லன்னு நீ உன்ற நங்கைகிட்டச் சொன்னே. படிச்சவ சொல்றா, அப்படித்தா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

தட்டை வாங்கினேன். கட்டிலில் வைத்தேன். மூன்று வருஷமாக நான் அவரை நிறுத்தேன், அளந்தேன், எழுதினேன், ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். ஒருநாள்கூட அவரைக் கேட்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவர் தலைக்குமேல் பேசினேன். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

 கோலம் போட்ட அம்மாள் சொன்னது சரி. எங்களுக்கு வேறு வார்த்தை கிடையாது. நான் ஒன்பது வீட்டில் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததை, நானே கேட்டேன்.

"நீங்க சாப்டீங்களாண்ணா?"

அண்ணன் தட்டைப் பார்த்தார். நெய் உருகி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். 

"இப்பத்தான் ஆச்சு அம்மிணி" என்றார்.

அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே சொன்னார்.

"வெரசா தின்னு. நெம்ப நேரம் எனக்குத் தாங்காது."

நான் வேகவேகமாகத் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.